அடுத்த வீட்டுப் பிள்ளையும் பயணக் காப்புறுதியும்

சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒரு கொள்கலன் சரக்கு எடுப்பதென்றால் நாம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். விலை எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா? எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏறிய பிறகு சரக்கின் பொறுப்பு நம்முடையது, காப்புறுதியையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சி.ஐ.எஃப். என்றால் காப்புறுதியை விற்பவர் செய்து தருவார். இதைக் கேட்காமல் ஒரு டொலர்கூட அனுப்ப மாட்டோம். எழுத்தறிவு குறைந்த பழைய முதலாளிமார்கூட இந்த விடயத்தில் ஏமாந்ததில்லை.

ஆனால் அடுத்தவர் பெற்ற பிள்ளையை நம்மோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் பட்டதை இந்த வாரம் எழுதுகிறேன். பாடசாலை விடுமுறைக்கு மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று குடும்பத்தோடு போகும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. அதோடு, "மகனின் கூட்டாளியும் வரட்டும், இவனுக்குத் துணையாக இருக்கும்" என்று இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதும் பெருகியிருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு.

நாலு பெயர்

2018 டிசம்பர் விடுமுறை. கோலாலம்பூருக்கு ஒரு வாரப் பயணம். நான், மனைவி, பதின்மூன்று வயது மகன், சின்ன மகள், இவர்களோடு மகனின் வகுப்புக் கூட்டாளி. அவனது தகப்பன் எங்கள் தெருவிலேயே கடை வைத்திருப்பவர். இருபது வருடப் பழக்கம். அவரிடம் நான் சரக்கு எடுப்பேன், அவர் என்னிடம் எடுப்பார். மாதக் கடைசியில் கணக்கைக் கழித்துக்கொள்வோம். பிள்ளையின் கடவுச்சீட்டை என் கையில் தந்தபோது, "உங்கட மகன் மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்க நானா" என்றார். "இதென்ன கதை, என்ட மகன்தானே" என்றேன். எங்களுக்கிடையில் நடந்த ஒப்பந்தம் அவ்வளவுதான்.

பயண முகவரிடம், "எல்லோருக்கும் சேர்த்து ஒரு காப்புறுதி போடுங்கள்" என்று சொல்லியிருந்தேன். அவர் டிக்கட்டோடு ஒரு கடித உறையும் தந்தார். அதை நான் பிரிக்கவே இல்லை.

நான்காவது நாள் இரவு, மஸ்ஜித் இந்தியா பகுதியில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலில், மகன் வந்து கதவைத் தட்டினான். கூட்டாளிக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. போய்ப் பார்த்தால் பிள்ளை கட்டிலில் குந்திக்கொண்டு இழுக்கிறான், உதடு வெளிறிவிட்டது. அப்போதுதான் என் மகன் சொன்னான், "வாப்பா, இவனுக்கு முட்டு இருக்கு. ஸ்கூல் பேக்கில் எப்போதும் பம்ப் வைத்திருப்பான்." அந்தப் பம்ப் கொழும்பில் இருந்தது. கையில் கண்டால் கூட்டிப்போக மாட்டார்களோ என்று பயந்து பிள்ளை அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு ஓடினோம். ஒட்சிசன் வைத்தார்கள், மருந்துப் புகை பிடித்தார்கள், அந்த மட்டில் அல்லாஹ்வின் கிருபை. பிறகு வைத்தியர் கேள்விகளைத் தொடங்கினார். இந்த நோய் எத்தனை வருடமாக இருக்கிறது? தினமும் எடுக்கும் மருந்து என்ன? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "நீங்கள் தகப்பனா?" என்று கேட்டார். "இல்லை, மகனின் கூட்டாளி" என்றேன். அப்படியானால் பெற்றோரோடு பேச வேண்டும் என்றார். கொழும்பில் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. தகப்பனின் தொலைபேசி அணைந்து கிடந்தது. வேறொரு உறவினரை எழுப்பி, அவர் போய் வீட்டுக் கதவைத் தட்டி, தகப்பன் பேசும்போது ஒரு மணித்தியாலம் கடந்துவிட்டது.

இதற்கிடையில் அனுமதிப் பிரிவில் முற்பணமாக ஐயாயிரம் ரிங்கிட் கட்டச் சொன்னார்கள். அப்போதுதான் அந்தக் கடித உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது ஒரு குடும்பக் காப்புறுதிப் பத்திரம். அதில் நாலு பெயர். நாங்கள் ஐந்து பேர்.

கடைக்கு வரும் ஒவ்வொரு துணிக் கட்டையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஐந்து பெயரை எண்ணவில்லை. இருந்தும் அதிலிருந்த அவசர இலக்கத்துக்குப் பேசிப் பார்த்தேன். அந்தப் பெண் மரியாதையாகவே சொன்னார். குடும்பம் என்றால் கணவன், மனைவி, அவர்களுடைய பிள்ளைகள். இந்தப் பிள்ளையின் பெயர் பத்திரத்தில் இல்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை. காப்புறுதி நிறுவனத்தையோ முகவரையோ நான் குறை சொல்ல மாட்டேன். எழுதியிருந்ததை வாசிக்காதவன் நான்.

மூன்று இரவு வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். மொத்தக் கணக்கு ஒன்பதாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நான்கு இலட்சம் ரூபா. முழுவதையும் என் கடனட்டையில்தான் கட்டினேன்.

கேட்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை

பிள்ளை சுகமாக வீடு போய்ச் சேர்ந்தான். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நமது பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

விமான நிலையத்தில் தகப்பன் என் கையைப் பிடித்து அழுதார். செலவைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. கடனட்டைக் கணக்கு வந்தது. எப்படிக் கேட்பது? "என்ட மகன்தானே" என்று சொன்னவன் நான்தானே. அவரும் கேட்டுப் பார்த்தார், "எவ்வளவு போனது நானா?" என்று. நானோ வீறாப்பாக, "அதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்றேன். அவர் அதை, வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ. பிறகு பெண்களுக்கிடையில் ஒரு பேச்சு வந்தது. "நோயாளிப் பிள்ளையை ஒளித்து அனுப்பினார்கள்" என்று ஒரு பக்கம். "கூட்டிப்போனவர்கள் ஒழுங்காகக் கவனிக்கவில்லை" என்று மறுபக்கம். மாதக் கடைசியில் கணக்குக் கழிப்பது நின்றது. சரக்கு வேண்டுமென்றால் பையனை அனுப்பிக் காசு கொடுத்து எடுக்கும் நிலை வந்தது. இருபது வருடப் பழக்கம் நான்கு இலட்ச ரூபாவில் முடங்கிக் கிடந்தது.

2019 நோன்பு வந்தது. ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு நம் கடைகள் இருந்த நிலையை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெருநாள் வியாபாரமே இல்லை. ஒருநாள் அஸருக்குப் பிறகு அவர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "அவனுக்கு முட்டு இருப்பது தெரிந்தும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிப்போக மாட்டீர்கள் என்று நினைத்தேன். பிள்ளை ஆசைப்பட்டுவிட்டான்" என்றார். "நான் கேட்கவில்லை. கேட்டால் உங்களுக்கு மனம் நோகும் என்று நினைத்தேன்" என்றேன். அவர் முழுத்தொகையும் தருவதாகச் சொன்னார். கையில் காசு புரளாத காலம் அது. எனக்கும்தான். பாதிப் பாதி என்று முடித்து, அவர் பங்கைச் சரக்குக் கணக்கில் கழித்துக்கொண்டோம்.

இருவரும் செய்தது மரியாதைக்காக. அந்த மரியாதைதான் ஒரு பிள்ளையின் உயிரோடும் இரு குடும்பங்களின் உறவோடும் விளையாடியது. பயணத்துக்கு முன் பத்து நிமிடம் வெளிப்படையாகப் பேசி, ஒரு தாளில் எழுதியிருந்தால் இவ்வளவும் வந்திராது.

செய்ய வேண்டியவை

அந்த அனுபவத்துக்குப் பிறகு விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளையின் கூட்டாளிக்குத் தனியாக ஒரு காப்புறுதிப் பத்திரம் எடுக்க வேண்டும். குடும்பப் பத்திரத்தில் பொதுவாக அவனுக்கு இடமில்லை. சிலர், "எங்கள் பிள்ளை என்று போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று முகவரிடம் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழைக் கேட்ட உடனே அந்தப் பொய் வெளியே வந்துவிடும். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது போவதோடு, பொய் சொன்ன காரணத்தால் உங்கள் குடும்பத்தின் பத்திரமும் சந்தேகத்துக்குள்ளாகும். நமக்கு அது மார்க்கத்திலும் கூடாத காரியம்.

இரண்டாவது, விண்ணப்பப் படிவத்தை அவனது தகப்பனோ தாயோ நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். இலங்கைச் சட்டப்படி 18 வயது நிறையும்வரை அவன் பராயமடையாதவன். அவனது உடல்நலத்தைப் பற்றி உறுதி கூறக்கூடியவர்களும் அவர்கள்தான், நாம் அல்லர். கட்டணத்தை நாம் கொடுத்தாலும் படிவம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

மூன்றாவது, நோய்களை மறைக்காமல் எழுத வேண்டும். முட்டு, வலிப்பு, இருதயக் கோளாறு, ஒவ்வாமை, முன்பு செய்த சத்திரசிகிச்சை எதுவானாலும் சரி. பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் தருவதில்லை. சில நிறுவனங்கள் மேலதிகக் கட்டணத்துக்கு அதையும் சேர்த்துக்கொள்ளும். சேர்க்க முடியாது என்றால் அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. என் விடயத்தில் அந்தப் பிள்ளைக்குத் தனிப் பத்திரம் எடுத்திருந்தாலும், முட்டு இருப்பதை எழுதாவிட்டால் அந்தப் பத்திரமும் கைகொடுத்திருக்காது. இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நான்காவது, பத்திரத்தில் உள்ள விலக்குகளை வாசியுங்கள். நீர்ச்சறுக்கு ஸ்கூட்டர், மணல்மேட்டு வாகனம், கயிற்றில் தொங்கும் விளையாட்டு போன்றவற்றில் ஏற்படும் காயம் பல பத்திரங்களில் அடங்காது. பிள்ளைகள் ஓடுவதே அவற்றை நோக்கித்தான். அதேபோல், ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் தொகையொன்றை நாமே ஏற்க வேண்டியிருக்கும். பிள்ளை வைத்தியசாலையில் இருக்க, திரும்பும் டிக்கட்டின் திகதி தாண்டிவிட்டால் அவனோடு தங்கும் பெரியவரின் ஹோட்டல் செலவும் புதிய டிக்கட்டும் அடங்குமா என்று கேளுங்கள். அவனுக்கு நாம் இரத்த உறவு இல்லை என்பதால் இந்தக் கேள்வி முக்கியம். காப்புறுதி புறப்படும் நாளிலிருந்து வீடு திரும்பும் நாள்வரை இடைவெளியின்றி இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். பிள்ளையின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், யாரோடு, எந்த நாட்டுக்கு, எந்தத் திகதிவரை என்று ஆங்கிலத்தில் எழுதி, அவசர வேளையில் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் அதிகாரத்தை அழைத்துச் செல்பவருக்கு வழங்குவதாகவும் சேர்க்க வேண்டும். சமாதான நீதவான் அல்லது நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திட்டு, பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் இணைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டாலும் உதவும், வைத்தியசாலையிலும் உதவும். இரவில் எழுப்பக்கூடிய இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் அதில் எழுதி வாங்குங்கள்.

ஆறாவது, பிரச்சினை வந்தால் வைத்தியசாலையில் சேர்க்கும்போதே காப்புறுதியின் அவசர இலக்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வைத்தியசாலைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பினால் முற்பணச் சுமை குறையும். எல்லாப் பற்றுச்சீட்டுகளின் மூலப்பிரதியும் வைத்திய அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். நியாயமின்றி மறுத்தால் முறையிட இலங்கையில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

கடைசியாக, காப்புறுதி தராத செலவை யார் ஏற்பது? இதுதான் எங்கள் இருவரையும் பிரித்த கேள்வி. முழுவதும் பெற்றோரா, பாதிப் பாதியா, கூட்டிப்போகிறவரா? எது என்றாலும் சரி. புறப்படும் முன்பே பேசி எழுதிவிடுங்கள்.

"நம்பிக்கை இல்லையா?"

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். "கூட்டாளிக்குள் கடதாசி எதற்கு, நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று அவர்களைக் கேட்கிறேன். சூரா அல்பகராவின் 282ஆவது வசனம். தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது எழுதிக்கொள்ளும்படியும் சாட்சி வைக்கும்படியும் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை ஈமான் கொண்டவர்களை விளித்தே வருகிறது. எழுதுவது நம்பிக்கையைக் குறைக்காது. அதைக் காப்பாற்றும்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பார்கள் இன்னும் சிலர். நிச்சயமாக. ஆனால் முதலில் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? சொந்தப் பிள்ளையின் விடயத்தில் தவக்குல் என்று இருப்பது ஒருவரின் முடிவு. அடுத்தவரின் அமானிதத்தில் அந்த உரிமை நமக்கு இல்லை.

காப்புறுதியே கூடுமா என்ற கேள்வி நியாயமானது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, வர்த்தக ரீதியான காப்புறுதியைத் தடுத்து, பரஸ்பர ஒத்துழைப்பின் அடிப்படையிலானதை மாற்றுவழியாகக் காட்டியது. அந்த வழியில் நம் நாட்டில் 1999இல் அமானா தகாபுல் தொடங்கப்பட்டது. ஆகவே வழி இல்லை என்று சொல்ல இடமில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சாட்டாக வைத்து ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டாம்.

இன்னொரு விடயம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான வைத்தியக் காப்புறுதி காட்ட வேண்டும். உம்ரா விசாவோடு காப்புறுதியும் சேர்ந்தே வருகிறது. கேட்கும் இடங்களில் நாம் ஒழுங்காகவே செய்கிறோம். யாரும் கேட்காத இடத்துக்குப் போகும்போதுதான் கோட்டை விடுகிறோம். செலவு என்றும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையின் ஒரு வாரக் கட்டணம் விமான டிக்கட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பிறகு ரூபா ஓரளவு தேறினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நான் கட்டிய அதே ஒன்பதாயிரம் ரிங்கிட் இன்று ஆறு இலட்சத்தையும் தாண்டும்.

கடந்த வருடம் என் மகளின் தோழியை எங்களோடு சிங்கப்பூருக்குக் கூட்டிச் செல்ல நேர்ந்தது. அவளது தகப்பனிடம் காப்புறுதிப் படிவத்தையும் சம்மதக் கடிதத்தையும், நோய்களை எழுத ஒரு வெற்றுத் தாளையும் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. "என்ன ஹாஜியார், இதெல்லாம் தேவையா?" என்றார். கோலாலம்பூர்க் கதையைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தாளைத் திருப்பித் தந்தார். அதில் தாயின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. கச்சான் சாப்பிட்டால் பிள்ளையின் முகம் வீங்கி மூச்சடைக்கும், மருந்து சிவப்புப் பையில் இருக்கிறது.

சிங்கப்பூரில் சாத்தேக் கடைகளின் பக்கம் நாங்கள் போகவில்லை. சாத்தேக்கு ஊற்றும் குழம்பு கச்சானில் செய்வது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் முதல் நாள் இரவே நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். ஒரு வாரம் சுகமாகப் போய் வந்தோம். காப்புறுதிப் பத்திரம் பயன்படாமலே என் மேசை இலாச்சியில் கிடக்கிறது. கட்டிய பணம் வீணாகப் போனதே என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.